முதுகு வலிக்காத மாதம்

இந்த மாதம் முழுவதும் எனக்கு முதுகு வலிக்காது என்று ஒன்றாம் தேதி காலையில் முடிவு செய்தேன்.

முதுகைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது ஒத்துக்கொண்டிருக்காது. ஒப்பந்தம் எனக்கும் என் மனைவிக்கும் நடந்தது. முதுகு சும்மா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று அவள் வெந்நீர்ப் பையைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"சைக்கிள் ஓட்டறது நீங்களா, நானா?"

"நான்தான்."

"காலையில சிரிச்சிக்கிட்டே போறீங்க. மத்தியானம் முனகிக்கிட்டே படுக்கறீங்க. சாயந்தரம் வரைக்கும் நான் இந்தப் பையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஓட்டறது நீங்கன்னா இடுப்பு ஏன் எனக்கு ஒடியுது?"

நியாயமான கேள்வி. நான் கூரையைப் பார்த்தேன்.

"இந்த மாசம் முடியற வரைக்கும் ஓட்டுங்க. ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா முதுகு வலிக்குதுன்னு ஒரே ஒரு வார்த்தை உங்க வாயில வந்தா, சைக்கிளை என் தம்பிக்குக் குடுத்துடுவேன்."

"முனகினா?"

"முனகலும் வார்த்தைதான்."

"பெருமூச்சு?"

"அது விடலாம். கல்யாணம் ஆனவங்க விடறதுதான்."

ஒத்துக்கொண்டேன். வேறு வழி இல்லை. அந்த சைக்கிளைப் பற்றி உங்களுக்குச் சொன்னால் நீங்களும் ஒத்துக்கொண்டிருப்பீர்கள்.

விடிவதற்குச் சற்று முன்னால் வானம் ஒரு நிறத்தில் இருக்குமே, நீலம் என்றும் சொல்ல முடியாமல் சாம்பல் என்றும் சொல்ல முடியாமல், அந்த நிறம். விரல் கனத்தில் டயர். ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி முன்னால் வளைந்து இறங்கும் ஹேண்டில். ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து நிற்கும்போதுகூட எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போலவே நிற்கும்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுவதும் இருட்டறையில் உட்கார்ந்து, எதிரே இருப்பவரின் மூக்கில் ஒவ்வொரு வில்லையாக மாட்டி, 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்பதுதான் பிழைப்பு. காலையில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள், நானும் யாரையும் கேட்கமாட்டேன். வாய்க்கால் கரையோரச் சாலையில் போவேன். போவேன், போவேன், போய்க்கொண்டே இருப்பேன். பனி விலகி வழி விடும். மரங்கள் ஒவ்வொன்றாக வந்து முகம் காட்டிவிட்டுப் பின்னால் போகும். சக்கரம் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுக்கும். வார்த்தை மட்டும் பிடிபடாது. அந்தச் சமயத்தில் எனக்கு வயது, வீடு, வேலை எதுவும் கிடையாது. முதுகு மட்டும் உண்டு.

அந்த முதுகைத்தான் சரிசெய்யவேண்டும். அதுவும் அவளுக்குத் தெரியாமல். தெரிந்தால், வலிக்கிறது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஃபோனில் பார்த்த ஒரு வீடியோவில் ஒருவர் விளக்கினார். தப்பு சைக்கிளிலும் இல்லையாம், முதுகிலும் இல்லையாம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் பொருத்தத்தில் இருக்கிறதாம். வெறுங்காலோடு சுவரை ஒட்டி நின்று, கால்களுக்கு நடுவே ஒரு புத்தகத்தைச் செருகி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் அளக்கவேண்டும். அந்த அளவில் நூற்றுக்கு எண்பத்தெட்டு பங்கும் சொச்சமும் எடுத்தால், பெடல் சுழலும் அச்சிலிருந்து சீட் இருக்கவேண்டிய உயரம் வந்துவிடும்.

நானே குனிந்து அளந்து பார்த்தேன். குனிந்தால் புத்தகம் விழுந்தது. புத்தகத்தைப் பிடித்தால் டேப் விழுந்தது. இரண்டையும் பிடித்தால் நான் விழுந்தேன்.

அப்போதுதான் திட்டம் உதித்தது. என் மனைவி தையற்காரி. தெருமுனையில் கடை வைத்திருக்கிறாள். இந்தத் தெருவில் பாதிப் பேர் அவள் எடுத்த அளவில்தான் நடமாடுகிறார்கள். வீட்டிலேயே இப்படி ஒரு ஆள் இருக்கும்போது நான் ஏன் தரையில் கிடக்கவேண்டும்?

"எனக்கு ஒரு பேண்ட் தைக்கணும்," என்றேன்.

"போன மாசம்தான தச்சேன்."

"அது கடைக்குப் போட்டுக்கிட்டுப் போக. இது வீட்டுல சும்மா நிக்கறப்ப போட."

"நிக்கறதுக்குத் தனியா பேண்ட்டா?"

"உள்காலளவு மட்டும் எடு. போதும்."

"இடுப்பு?"

"இடுப்பு அப்படியேதான் இருக்கு."

"அது நீங்க சொல்றது."

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் செருப்பைக் கழற்றிச் சுவரோடு ஒட்டி நின்றேன். புத்தகத்தைச் செருகினேன். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"பேண்டுக்கு எதுக்குப் புத்தகம்?"

"நேரா நிக்கறதுக்கு."

"சரி. படிச்சு முடிச்சதும் சொல்லுங்க," என்று குனிந்து அளந்தாள். "முப்பத்து மூணு."

முப்பத்து மூன்று. அந்த எண்ணை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே போய்க் கணக்குப் போட்டேன். இருபத்தொன்பது இன்ச் வந்தது. அவள் கடையில் இருந்த நேரம் பார்த்து ஆலன் கீயால் திருகைத் தளர்த்தி, சீட்டை அந்த உயரத்துக்கு ஏற்றி முறுக்கினேன். தள்ளி நின்று பார்த்தேன். ஹேண்டில் கீழே, சீட் மேலே. பந்தயத்தில் போகிறவர்களின் சைக்கிள் இப்படித்தான் இருக்கும். ஹேண்டிலுக்கு அடியில் இருந்த வளையங்களை நான் வாங்கின அன்றைக்கே எடுத்து மேலே போட்டு, அதை இறக்கி வைத்திருந்தேன். பார்வைக்கு நன்றாக இருக்கவேண்டும் அல்லவா.

மறுநாள் காலை கிளம்பினேன். பெடல் கீழே போகும்போது கால்விரல் நுனியால் அதை வழியனுப்பி வைத்தேன். மேலே வரும்போது வரவேற்றேன். இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆடியது. தொட்டிலில் கிடப்பது போல இருந்தது. இதுதான் பொருத்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பனியும் வாய்க்காலும் நானும் சேர்ந்து ஆடிக்கொண்டு போனோம்.

ஐந்தாவது கிலோமீட்டரில் தொட்டில் கயிறு முதுகில்தான் கட்டியிருக்கிறது என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்தேன். கதவுக்கு வெளியே நின்று முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே நுழைந்தேன்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"மேகம் மாதிரி இருந்துச்சு."

"மேகத்துக்கு முதுகு இருக்கா?"

"இல்ல. இருந்தாலும் வலிக்காது."

"நல்லதாப் போச்சு. அப்ப இந்த மெத்தையைக் கொஞ்சம் திருப்பிப் போடலாமா? ஒரு பக்கமே அமுங்கிக் கிடக்கு."

முன்பெல்லாம் இந்த மாதிரிக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். இடுப்பில் கையை வைத்து முகத்தைச் சுளித்தால் போதும், அதற்கு மேல் பேச்சே இருக்காது. இப்போது அந்தப் பதிலைச் சொன்னால் சைக்கிள் போய்விடும். மெத்தையைத் திருப்பிப் போட்டேன். வலியே இல்லாதவன் எவ்வளவு வேகமாகத் திருப்புவானோ, அதைவிட வேகமாக.

மறுநாள் பரண்மேல் இருந்த பெட்டிகள் கீழே வந்தன. அதற்கு மறுநாள், கீழே வந்ததில் பாதி மேலே போனது. மூன்றாம் நாள் தண்ணீர்க் கேன்கள் இரண்டு மாடி ஏறி வந்தன. அவை தாமாக ஏறவில்லை.

எதிர்வீட்டு நர்ஸ் அக்கா கதவைத் திறந்து பார்த்தாள்.

"தம்பி, உங்க முகம் ஏன் இப்படி இருக்கு?"

"சந்தோஷம், அக்கா."

"வார்டுல தினமும் பாக்கறேன், இதே மாதிரி சந்தோஷப்படறவங்களை. ஊசி போட்டா சரியாயிடுது."

நான் சும்மா இருக்கவில்லை. மனைவி கடைக்குப் போனதும் ஆலன் கீயை எடுத்துவிடுவேன். கண்ணாடிக் கடையில் வில்லை மாற்றுகிற மாதிரிதான். சீட்டை ஒரு துளி முன்னே தள்ளி, இது நல்லா இருக்கா? ஒரு துளி பின்னே தள்ளி, அது நல்லா இருக்கா? சீட்டின் மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, இது? சற்று உயர்த்தி, அது? முதுகு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னது. மாற்றிப் பார்க்காதது ஒன்றே ஒன்று, உயரம். அதை ஏன் மாற்றவேண்டும்? அது அவள் எடுத்த அளவு. உலகத்தில் எது தப்பினாலும் அது தப்பாது.

மூன்றாவது வாரம் பீரோவுக்கு முறை வந்தது.

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். வந்த நாளிலிருந்து அந்தப் பீரோ படுக்கையறை ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது.

"இதை அந்தச் சுவருக்குத் தள்ளிட்டா, தையல் மெஷினை ஜன்னலோரமாப் போட்டுக்கலாம். வெளிச்சம் நல்லா வரும்," என்றாள். "முடியுமா? உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"எனக்கு என்ன ஆகும்?"

"இல்ல, முதுகு..."

"எந்த முதுகு?"

தள்ளினோம். கண்ணில் நட்சத்திரங்கள் வந்தன. சின்னச் சின்னதாக, நீல நிறத்தில், பீரோவின் கண்ணாடியைச் சுற்றி மிதந்துகொண்டே வந்தன. அழகாகத்தான் இருந்தது. பிறகு தையல் மெஷினையும் இழுத்து ஜன்னலோரம் போட்டோம். அடிப்பாகம் முழுக்க இரும்பு.

"வலிக்குதா?" என்றாள்.

பெருமூச்சு விட்டேன். அதற்கு அனுமதி உண்டு.

இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் தாக்குப்பிடித்தேன். இன்னும் இரண்டே நாள். அன்று காலை ஓட்டி முடித்து, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். எங்கள் வாசலுக்கு நாலு படி கீழே அதை இறக்கி வைத்து, ஷூ நாடாவை அவிழ்க்கக் குனிந்தேன்.

குனிந்தது வரைக்கும் சரி. நிமிரமுடியவில்லை.

நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். நேரம் மெதுவாகப் போனது. ஒரு எறும்பு என் ஷூ மேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, தன் வழியில் போனது. அதற்கு இடுப்பு எவ்வளவு சின்னது, எவ்வளவு சுகமாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி வேலை முடிந்து நர்ஸ் அக்கா படியேறி வந்தாள்.

"என்ன தம்பி, என்ன தேடறீங்க?"

"சட்டைப் பட்டன் ஒண்ணு விழுந்துடுச்சு, அக்கா."

"போட்டிருக்கறது ஜிப் வச்ச பனியனாச்சே."

அவள் ஒரு கையில் சைக்கிளையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு மேலே வந்தாள். "ரெண்டுல சைக்கிள்தான் ஒழுங்கா வருது," என்று சொல்லிவிட்டு, மணியடித்து எங்கள் இருவரையும் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

மனைவி கதவைத் திறந்தாள்.

"ஏன் குனிஞ்சே வரீங்க?"

"உனக்கு ஒரு மரியாதை."

"கல்யாணமாகி ரெண்டு வருஷம் கழிச்சா?"

தரையில் படுத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. ஜன்னல் வழியாக வந்த வெயில் அதன் சக்கரத்துக்குள் நுழைந்து, தரையில் மெல்லிய கோடுகளாக விழுந்திருந்தது. இனிமேல் வாய்க்கால் கரையில் மரங்கள் யாருக்கு முகம் காட்டும்? என் மச்சானுக்கா? அவன் அவற்றைப் பார்ப்பானா, இல்லை ஃபோனைப் பார்ப்பானா?

"வலிக்குதா?" என்றாள்.

சைக்கிளைப் பார்த்தேன்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க. வலிக்குதா?"

இருபத்தெட்டு நாள் பூட்டி வைத்திருந்த வார்த்தை. திறந்ததும் தானே பறந்தது.

"வலிக்குது."

அவள் எழுந்து போய் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்தாள். போன சுருக்கில் வந்தாள். தண்ணீரை முன்னமே சுட வைத்திருந்தாள்.

"தம்பிக்கு ஃபோன் பண்ணிடு," என்றேன் தரையைப் பார்த்தபடி.

"எதுக்கு?"

"சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

"அவனா? பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தாலே கண்ணை மூடிக்கிறவன். அவன் எங்க இதுமேல ஏறப்போறான்?"

"நீதான சொன்ன?"

"அவனுக்குக் குடுப்பேன்னு சொன்னேன். அவன் வாங்கிப்பான்னு சொல்லலையே."

ஐந்து நாள் படுக்கை. நர்ஸ் அக்கா தினமும் வந்து, காலை மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, நான் முகம் சுளிப்பதைப் பார்த்துத் திருப்தியாகப் போனாள். ஆறாம் நாள் எழுந்து நடந்தேன். அன்று சாயந்தரம் என் மனைவி கடையை மூடிவிட்டு வந்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தையல் சுண்ணக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டு, "ஏறி உக்காருங்க," என்றாள்.

"எதுமேல?"

"உங்க மேகத்துமேல."

ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

"குதிகாலைப் பெடல்ல வைங்க. அப்படியே கீழ கொண்டு போங்க."

பெடல் கீழே போனது. குதிகால் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. நடுவில் காற்று இருந்தது. அவள் அந்தக் காற்றை அளந்தாள்.

"கிட்டத்தட்ட ரெண்டு இன்ச்."

"எப்படி? நீ எடுத்த அளவுதான். முப்பத்து மூணுன்னு சொன்னியே."

"பேண்டுக்குச் சொன்னேன். உங்க கால் முப்பத்தொண்ணுதான். மீதி ரெண்டு இன்ச் கீழ மடிச்சுத் தைக்கறதுக்கு."

"அதை ஏன் சேர்த்துச் சொன்ன?"

"கடையில வெட்டற அண்ணன் மடிப்புக்கு விட மறந்துடுவாரு. மூணு பேருக்குக் கணுக்கால் வெளிய தெரிஞ்சப்புறம், நானே சேர்த்துச் சொல்லிடறது. அளவு எடுத்தாலே வாயில அப்படித்தான் வருது."

"அப்ப ஒரு மாசமா நான்..."

"மடிப்புமேல உக்காந்து ஓட்டியிருக்கீங்க. இறங்குங்க."

திருகைத் தளர்த்தினாள். சீட்டை இறக்கி, கம்பியில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். பிறகு ஹேண்டில் பக்கம் வந்தாள்.

"இது ஏன் இவ்வளவு கீழ இருக்கு?"

"பந்தயத்துல ஓட்டறவங்க அப்படித்தான் வச்சிருப்பாங்க."

"நீங்க யாரோட பந்தயம்?"

"யாரோடயும் இல்ல."

"அப்ப யாருக்கும் முந்திப் போகவேண்டியது இல்ல. நிமிர்ந்தே போகலாம்."

வளையங்கள் மறுபடி ஹேண்டிலுக்கு அடியில் போயின. மறுபடி ஏறச் சொன்னாள். பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள், புதுச் சட்டையைப் போட்டுக் காட்டுகிறவரைப் பார்ப்பது போல.

"தோளைத் தளர விடுங்க. எங்க இழுக்குது?"

"இங்க, இடுப்புக்கு மேல."

சீட்டின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "இப்ப?"

"கொஞ்சமா."

ஒரு துளி முன்னே நகர்த்தினாள். "இப்ப?"

"இல்ல. இப்ப எங்கயும் இழுக்கல."

சைக்கிளிலிருந்து இறங்கி, "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"சைக்கிளைப் பத்தி ஒண்ணும் தெரியாது. சட்டையா இருந்தா என்ன, இதுவா இருந்தா என்ன? எங்க இழுக்குதுன்னு பாத்து அங்க விட்டுக் குடுக்கணும். அவ்வளவுதான்."

ஒரு மாதம் முழுக்க நான் செய்து பார்த்ததெல்லாம் அவள் கையில் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. "நான் அளவைத் தப்பாப் புரிஞ்சிக்கிட்டது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்றேன். அவள் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். காதில் விழாதது போல இருந்தாள்.

மறுநாள் காலை வாய்க்கால் கரையில் அவ்வளவு பனி. பெடல் கீழே போகும்போது காலும் கூடவே போனது. மேலே வரும்போது கூடவே வந்தது. இடுப்பு ஆடவில்லை. தலை நிமிர்ந்திருந்ததால், இதுவரை அடிமரம் மட்டுமே தெரிந்த மரங்களுக்கெல்லாம் உச்சி இருப்பது தெரிந்தது. உச்சியில் பறவைகள் இருப்பதும் தெரிந்தது. ஐந்தாவது கிலோமீட்டர் வந்தது. காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பத்தாவது வந்தது, போனது. என் முதுகு எங்கே என்று தேடிப் பார்க்கவேண்டியிருந்தது. போனேன், போனேன், பனி முடிகிற இடம் வரைக்கும் போனேன். அங்கே சூரியன் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நின்றது. நானும் சைக்கிளும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினோம்.

தெருவுக்குள் வளைந்ததும் எங்கள் மாடி ஜன்னல் தெரிந்தது. பீரோ மறைக்காத முழு ஜன்னல். நடுவில் அவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் விழுந்திருக்க. அங்கிருந்து பார்த்தால் தெரு முழுவதும் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

படியேறி வந்து, ஷூவைக் குனிந்து கழற்றி, நிமிர்ந்து, நேரே அவள் முன்னால் போய் நின்றேன்.

"உண்மையைச் சொல்லு. எப்பத் தெரிஞ்சுது?"

"முதல் நாளே. பால்கனியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க போறப்ப இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடிச்சு. மடிப்பையும் சேர்த்து ஏத்திட்டாருன்னு அப்பவே புரிஞ்சுது."

"புரிஞ்சுமா என்னைப் பீரோவைத் தள்ள வச்ச?"

"அது காலுக்கடியில பழந்துணி போட்டிருந்தேன். தள்ளினது நான். நீங்க நட்சத்திரம் பாத்துக்கிட்டு நின்னீங்க."

"அதுக்கு முன்னாலயே சொல்லியிருந்தா அன்னைக்கே வலி போயிருக்குமே."

"போயிருக்கும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"வலி இல்லாத நாள்ல எதைச் செய்யச் சொன்னாலும் நாளைக்குப் பாக்கலாம்பீங்க. வலியை மறைக்கற நாள்லதான், நான் சொல்லி வாய் மூடறதுக்குள்ள எந்திரிக்கறீங்க."

இதற்குச் சரியான பதில் ஒன்று எனக்குத் தோன்றியது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.